பிராங்க்பர்ட்டில் ஒரு மலைப்பிள்ளை

ஹட்டனில் பிற்பகல் இரண்டு மணிக்கே விளக்கைப் போடச் செய்யும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் என்னிடம், பன்னிரண்டு வயதுப் பேத்தி, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தாத்தா, ஒங்களுக்கு ரொம்பப் புடிச்ச அனிமே எது?" என்று கேட்டாள். அவளும் அவளுடைய சிநேகிதிகளும் ஆளுக்கொன்றைத் தேர்ந்து அதற்குக் காரணமும் சொல்லவேண்டுமென்று தங்களுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தி 'நருட்டோ' என்றாளாம். இன்னொருத்தி 'ஒன் பீஸ்'. என் பேத்தி 'டீமன் ஸ்லேயர்' கட்சி. அந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறாள் என்று கண்காணிக்கும் பொறுப்பை அவளுடைய தாய் என்னிடம் ஒப்படைத்ததன் பலனாக, ஓராண்டு காலத்தில் வாள்வீச்சும் பேய்வேட்டையுமாக நானும் எத்தனையோ பார்த்துத் தீர்த்திருந்தேன் என்பதால், எனக்கும் ஒரு வாக்குரிமை உண்டென்று அவள் தீர்மானித்திருக்கவேண்டும். நான் சற்றும் யோசிக்காமல் "ஹைடி" என்றேன்.

"அது சின்னப் பிள்ளைங்க பாக்குறது தாத்தா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் போனுக்குள் போய்விட்டாள். காரணம் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை எனக்கு மட்டும் தள்ளுபடியாயிற்று. அன்று கேட்கப்படாத அந்தக் காரணத்தை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' என்ற பெயரில் 1974 ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஞாயிறுதோறும் ஒன்றாக, ஜப்பானியத் தொலைக்காட்சியில் 52 அத்தியாயங்கள் ஓடிய இந்தச் சித்திரத் தொடருக்கு மூலம், சுவிட்சர்லாந்தின் யோஹானா ஸ்பைரி என்னும் அம்மையார் 1880-இல் வெளியிட்ட நாவல். இயக்கியவர் இசாவோ தகாஹாதா. காட்சிகளின் அமைப்பை வரைந்தவர் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஹயாவோ மியாசாகி. பாத்திரங்களுக்கு உருக்கொடுத்தவர் யோய்ச்சி கொதாபே. பிறர் எடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடாமல், இவர்கள் 1973-இல் சுவிட்சர்லாந்துக்கே பிரயாணம் செய்து, மலையையும் குடிசையையும் மேய்ச்சல் நிலத்தையும் நேரில் கண்டுவந்து வரைந்தார்கள். அந்தச் சிரத்தை படத்தில் தெரிகிறது. வைக்கோலைக் குவித்து அதன்மேல் துணி விரித்துப் படுக்கை செய்வதும், ஆட்டின் மடியில் பால் கறப்பதும், நெருப்பில் வாட்டிய சீஸ் மெல்ல உருகி ரொட்டியின்மேல் வழிவதுமாக, ஒரு சிறு வேலையும் அங்கே அவசரத்தில் நடப்பதில்லை. வேலை செய்து பிழைக்கிறவர்களின் கைகளை இவ்வளவு பொறுமையோடு பார்த்த இன்னொரு கார்ட்டூனை நான் அறியேன். பெரியவர்களுக்கென்று எடுக்கப்படும் நம் சினிமாவிலும் அது அபூர்வம்.

ஆயினும் நான் ஹைடியைத் தேர்ந்ததற்கு அது மட்டும் காரணமல்ல. ஜப்பானியப் பிள்ளைகள் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த 1974-ஆம் ஆண்டை எங்கள் தோட்டங்களில் என் வயதினர் ஒருவரும் மறக்கமாட்டார்கள். கூப்பன் அரிசி சுருங்கி, கோதுமை மாவு அரிதாகி, ஒரு றாத்தல் பாணுக்காக நகரங்களில் விடியுமுன்னே வரிசை நின்ற காலம் அது. தோட்டத்து ஜனங்களோ, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாய் விரிந்துகிடந்தும் அதில் ஒரு பாத்தியேனும் தமக்குச் சொந்தமில்லாத காரணத்தால், நாட்டில் மற்றெவரையும்விடக் கொடிதாகப் பட்டினியை அனுபவித்தார்கள். மஸ்கெலியாப் பக்கத்தில், சிவனொளிபாதமலை நேரே தெரியும் ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்து. கொழும்பில் நல்ல வீடு, மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள், சித்திரை வருஷப் பிறப்புக்குத் திரும்பக் கூட்டிவந்து விடுவார்கள் என்று ஒரு தரகர் இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். அடுத்த கிழமை அக்கா ஹட்டனில் கோச்சி ஏறினாள்.

ஹைடியை மலையிலிருந்து இறக்கி பிராங்க்பர்ட் நகரத்துக்குக் கூட்டிப்போகிறவள் அவளுடைய சித்தி. கறுப்பு ரொட்டியைக் கடிக்க முடியாத கண்தெரியாப் பாட்டி ஒருத்திக்கு, மெத்தென்ற வெள்ளை ரொட்டி வாங்கிக்கொண்டு உடனே திரும்பி வந்துவிடலாம் என்பது சித்தி சொல்லும் பொய். பணக்கார வீட்டில், நடக்க இயலாத கிளாரா என்ற சிறுமிக்குத் தோழியாக அவள் வைக்கப்படுகிறாள். வேலைக்காரியாக அல்ல என்பதையும் நான் சொல்லவேண்டும், அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஒவ்வொரு வேளையும் மேசைக்கு வரும் வெள்ளைப் பணிஸைத் தின்னாமல் எடுத்து, பாட்டிக்கென்று அலுமாரியில் ஒளித்துவைக்கிறாள். ஒரு நாள் வீட்டு நிர்வாகியான ரொட்டன்மையர் அம்மையார் அலுமாரியைத் திறக்கிறாள். உலர்ந்து கல்லாகிப்போன அந்தச் சேமிப்பு அத்தனையும் குப்பைக்குப் போகிறது. இந்தக் காட்சியை முதன்முறை பார்த்தபோது, பேத்தி கவனியாதபடி எழுந்து, தேத்தண்ணீர் போடுகிற பாவனையில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இது எங்கள் வீட்டு வழக்கம் போலும். ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்டு 1982-இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியில் பின்னர் 'ஓஷின்' என்ற ஜப்பானியத் தொடர் வந்த காலத்தில், எங்கள் லயத்துக்கே ஒன்றாயிருந்த பெட்டியின் முன்னால், பெட்டிக்காரரின் காம்பராவும் இஸ்தோப்பும் கொள்ளாமல் ஜனங்கள் குந்தியிருப்பார்கள். அது சித்திரத் தொடரல்ல, நடிகர்கள் நடித்தது. அனிமேயைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இடமில்லை என்று பேத்தி ஆட்சேபிக்கலாம். ஏழு வயது ஓஷினை ஒரு மூடை அரிசிக்கு ஈடாகப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பும் கட்டத்தில், பனி படர்ந்த ஆற்றில் அவளை ஏற்றிய தெப்பம் கரையைவிட்டு நகர்ந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா எழுந்து, யாரையும் பாராமல், இருட்டுக்குள் நடந்து எங்கள் காம்பராவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் ஓஷின் பார்க்க வரவில்லை. அரிசி மூடையின் கணக்கு அவளுக்குத் தெரியும்.

அக்கா ஓராண்டும் நான்கு மாதமும் கழித்துத் திருப்பி அனுப்பப்பட்டாள். சொன்ன வேலையைச் செய்வதில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை, சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள் என்பது அந்த வீட்டார் சொல்லியனுப்பிய குற்றச்சாட்டு. திமிர் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்று எங்கள் லயத்தார் வேப்பிலை அடித்தார்கள். உண்மையில் அது என்னவென்று ஒரு ஜப்பானியச் சித்திரக்காரர் கூட்டத்திடமிருந்து நான் அறிந்துகொள்ள அரை நூற்றாண்டுக்குக் கிட்ட ஆயிற்று. பிராங்க்பர்ட் வீட்டில் இரவுதோறும் வாசற்கதவு தானாகத் திறந்துகிடக்கிறது. பேய் உலாவுகிறதென்று பணியாட்கள் நடுங்குகிறார்கள். கண்விழித்துக் காவலிருந்த கிளாராவின் தந்தையும் மருத்துவரும் கண்டதோ, வெள்ளை உடையில் தூக்கத்திலேயே நடந்துவரும் ஹைடியைத்தான். மருத்துவர் அவளைப் பரிசோதித்துவிட்டு, இது ஊர் ஏக்கம் என்னும் வியாதி, இதற்கு மருந்து கிடையாது, தாமதியாமல் மலைக்கு அனுப்புவதொன்றே சிகிச்சை என்று தீர்ப்புச் சொல்கிறார். மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்ட ஏழைப் பெண்பிள்ளையின் மனத்துயரை, திமிரென்றும் பேயென்றும் தள்ளிவிடாமல், படித்த மனிதர் ஒருவர் வியாதியென்று ஒப்புக்கொண்டு அவளுக்காக வாதாடுகிற அந்த ஒரு கணத்துக்காகவே, வாள்வீரர்கள் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு நான் ஹைடிக்கு வாக்களிக்கிறேன். தகாஹாதாவும் இதை ஓரிரண்டு அத்தியாயத்தில் கடந்துவிடவில்லை. தொடரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அந்த மூடிய வீட்டுக்குள்ளேயே நடத்தி, பார்க்கிறவனுக்கும் மூச்சு முட்டும்படி செய்துவிடுகிறார்.

இவ்வளவு அபிமானம் வைத்த பிறகும் அந்தக் கதையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஹைடிக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. தாத்தாவின் குடிசை சிறியதானாலும் அவருடையது. அதைவிட்டு எழுந்திரு என்று எந்தத் துரையும் அவரிடம் சொல்லமுடியாது. எங்கள் அக்கா திரும்பிவந்த பத்தடி காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அம்மாவின் பெயர் செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரைதான் அதில் எங்களுக்கு அடுப்பு. 1964-ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி அக்காவின் புருஷன் வீட்டாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைக்கவே, 1982-இல் அவளும் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த நாட்களில் இங்கிருந்து புறப்பட்ட இரயிலுக்கு ஜனங்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரு பெண்பிள்ளையின் ஊர் ஏக்கத்தையே அறியாத சமூகம், லட்சக்கணக்கானவரின் ஊர் ஏக்கத்துக்கு எந்த மருத்துவரை அழைத்திருக்கும்?

இன்றும் ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்கும் அதற்கான உறுதிப் பத்திரத்துக்கும் நாம் மன்றாடிக்கொண்டிருக்கிறோம். 2021 ஜூலையில், டயகமைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தபோது, மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, பிறகு ஓய்ந்தன. தரகர்கள் எங்கே போய்விடுவார்கள்? சம்பளம் அரிசி விலையைத் துரத்திக்கொண்டே ஓடும்வரை இஸ்தோப்புகளில் அவர்களுக்கு ஆசனம் உண்டு.

மலையைச் சித்திரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் வசந்தத்தில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்; சினிமாக்காரர்கள் வந்தால் தேயிலைச் சரிவில் ஒரு பாட்டு எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். படங்கைக் கட்டிக்கொள்ளும் விதத்தையும், கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தடத்தையும், மழையில் பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தையும், அந்த ஜப்பானியர்கள் அந்நிய மலையொன்றின் ஆட்டுக் கொட்டிலைப் பார்த்த சிரத்தையில் நாலில் ஒரு பங்கோடு பார்த்து வரைந்தவர்கள் உண்டா என்று தேடுகிறேன். என் பேத்தி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வாள்வீரர்களை அழகாகவே வரைகிறாள். லயத்தை வரையச் சொன்னேன். "அதுல என்ன தாத்தா இருக்கு?" என்றாள்.

பிராங்க்பர்ட்டில் ஹைடி, மலையைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒரு தேவாலயத்தின் உயர்ந்த கோபுரத்தில் ஏறுகிறாள். எட்டிப் பார்த்தால் நாலாபுறமும் கூரைகளும் புகைபோக்கிகளும்தான். வானம் தெளிந்த சில விடியல்களில் கொழும்பிலிருந்தே சிவனொளிபாதமலையின் கூம்பு தெரியும் என்பது எனக்கு நினைவுக்கு வர, அன்றிரவே கோத்தகிரிக்கு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். கொழும்பைப் பற்றி நாங்கள் இருவரும் இந்த ஐம்பது ஆண்டுகளில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

"அக்கா, அந்த வீட்டு மொட்டை மாடியிலேருந்து நம்ம மலை தெரிஞ்சிச்சா?"

நெடுநேரம் பதில் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைத்தேன்.

"ஒரு நாளு தெரிஞ்சிச்சிடா, தம்பி. காலையில துணி காயப்போடப் போனப்ப. வாளிய வச்சிட்டு நிமிந்தா, நம்ம லயத்துலேருந்து பாக்குற மாதிரியே நிக்கிது. கொஞ்ச நேரந்தான், மேகம் வந்து மூடிருச்சி."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"அங்க யாருகிட்ட சொல்ல?" என்றாள் அக்கா.