ஆட்டுக்குத் தனித் தீவு

பேச்சிலருக்கு வீடு கிடைப்பதில்லை என்று புலம்புகிறீர்களா? ஒரு தீவே காலியாகக் கிடக்கிறது, ஸார். அட்வான்ஸ் கேட்க ஹவுஸ் ஓனர் கிடையாது. குடியிருப்பவர்கள் ஆடுகள் மட்டும்தான்!

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக்கில் சிதறிக் கிடப்பவை ஃபாரோ தீவுகள். பெயருக்கே 'ஆட்டுத் தீவுகள்' என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள். அங்கே மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். மொத்தம் 18 தீவுகள். அதில் ஆள் குடியில்லாதது ஒன்றே ஒன்று. அதுதான் லிட்லா டிமுன். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. உயரமோ 414 மீட்டர்! நடுக்கடலில் ஒரு மலையை நட்டு வைத்த மாதிரி இருக்கும். அடிவாரம் முழுக்கச் செங்குத்துப் பாறை. படகிலிருந்து பாறைக்குத் தாவி, கயிற்றைப் பிடித்துத்தான் மேலே ஏறணும். கடல் கொந்தளித்தால் அதுவும் நடக்காது.

இலையுதிர்காலம் வந்தால் பக்கத்துத் தீவு விவசாயிகள் கும்பலாகக் கிளம்பி வருவார்கள். மலைச்சரிவில் சங்கிலி போல வரிசையாக நின்று ஆடுகளை வளைத்து மடக்குவார்கள். பிறகு காலைக் கட்டி, வலையில் போட்டு, பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறக்குவார்கள். கீழே அலையில் குதித்துக்கொண்டிருக்கும் படகில் 'லேண்டிங்'! கால் சறுக்கினால் ஆட்டுக்கு முன்னால் ஆள் கடலில் இருப்பார். இத்தனை சாகசமும் எதற்கு? அதுதான் அந்த ஊரில் ஆடு அறுக்கும் சீஸன். இறைச்சியைக் காற்றிலேயே மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்திச் சாப்பிடுவது ஃபாரோ ஸ்பெஷல்.

ஆனால் இந்த ஆடுகள் தீவின் பூர்வ குடிகள் அல்ல. முன்பு அங்கே இருந்தது வேறு ஜாதி. சின்ன உருவம், கறுப்பு நிறம், குட்டை ரோமம். மேய்ப்பன் கிடையாது, பட்டி கிடையாது. பல நூறு வருஷமாகக் காற்றிலும் மழையிலும் தன்னந்தனியாகப் பிழைத்துக் கிடந்த காட்டு ஆடுகள். 1860-களில் கடைசி ஆடு வரைக்கும் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவைதான் இப்போதுள்ள வளர்ப்பு ஆடுகள். பழைய இனத்தைப் பார்க்கணும் என்றால் தலைநகர் டோர்ஸ்ஹாவ்ன் மியூஸியத்துக்குப் போகணும். பஞ்சடைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனி அந்த ஆட்டை எந்தத் தீவிலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் உயிரோடு பார்க்க முடியாது.

ஆக, அடங்காத ஆட்டுக்குத் துப்பாக்கி. அடங்கின ஆட்டுக்குக் கயிறு. ஒரே வித்தியாசம், அடங்காததை மியூஸியத்தில் வைத்து மரியாதை பண்ணுகிறார்கள்.

இன்க்ரிமென்ட் மாசத்தில் இதையெல்லாம் ரொம்ப யோசிக்காதீர்கள். மேனேஜர் கூப்பிடுகிறார், போய்ப் பாருங்கள்.