இலை பறிக்கப் போறியா என்று மிரட்டாதீர்கள்

மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஒழுங்காப் படி. இல்லாட்டி என்னை மாதிரி இலை பறிக்கத்தான் போகணும்." பக்கத்தில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை என் மகளிடம் எத்தனையோ தடவை சொன்னவள் நான். தேயிலை விளையும் இந்தக் குந்தா மலையில் இதைச் சொல்லாத வீடு எது?

எந்த வேலை அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டதோ, அதையே தண்டனையாகக் காட்டுகிறோம். அப்புறம், "உழைக்கவே மாட்டேங்கிறானே" என்று புலம்புகிறோம். உழைப்பு என்பது தோற்றவர்களுக்கு விதித்தது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே?

நாம் பட்ட பாடு பிள்ளைகள் படக்கூடாது என்பது நியாயமான ஆசை. அட்டைக்கடியும் மழையில் ஊறிய சாக்கும் அவர்களுக்கு வேண்டாம். ஆனால் பட்ட பாட்டை மறைக்கிறோம் என்று நம் கைத்திறமையையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டோம்! தேயிலைக் கொழுந்து எடுக்கும் கையைப் பாருங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. அதை மட்டும் ஒடிக்கிறது. முற்றின இலையை விரல் தானாகவே ஒதுக்குகிறது. வருஷக்கணக்கில் கண்ணும் விரலும் படித்த படிப்பு அது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். பறித்த செடிக்கே ஏழெட்டு நாளில் திரும்பி வர வேண்டும், விட்டால் முற்றிப்போகும். கணக்குப் பாடமும் அப்படித்தான், விடாமல் திரும்பி வர வேண்டும் என்று எந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோம்? அதற்குப் பதிலாக, ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் தூங்க, ஸ்கூல் ப்ராஜெக்டை நாம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளை அவலாஞ்சிக்கும் எமரால்டுக்கும் கூட்டிப்போய் போட்டோ எடுக்கிறோம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு 1956-ல் தொடங்கிய குந்தா மின் திட்டத்தின் அணைகள் அவை. பணமும் இயந்திரமும் அங்கிருந்து வந்தன. இந்தக் குளிரில் பாறையைக் குடைந்த கைகள் நம் ஆட்களுடையவை. அதைப் பிள்ளையிடம் சொல்ல ஏன் மறந்தோம்?

"ராப்பகலா உழைச்ச நீங்க ஏம்மா இன்னும் கஷ்டப்படறீங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள். இலை விலை நம் கையில் இல்லை என்று சொல்லுங்கள். உழைத்தால் மட்டும் போதும் என்று நானும் சொல்லவில்லை. படிப்பு வேண்டும், வாய்ப்பு வேண்டும், நியாயமான கூலி வேண்டும். ஆனால் வாய்ப்பு வந்த அன்றைக்கு உட்கார்ந்து வேலை பார்க்கப் பழகாத பிள்ளை என்ன செய்யும்? கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து முதல் அரியருக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோமே. அவர்களுக்கு மூளையா குறைச்சல்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், மிரட்ட அல்ல, காட்ட. நான் மகளைக் கூட்டிப் போனேன். மூன்று மணி நேரத்தில் அவள் எடுத்தது இரண்டு கிலோகூட இல்லை. அதிலும் பாதி முற்றின இலை. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் பிடித்த கறையைப் பாவாடையில் தேய்த்தாள், போகவில்லை. பிறகு அடுத்த செடியில் ஒரு கொழுந்தை ஒடிக்காமல் பிடித்துக்கொண்டு, "இது எடுக்கலாமாம்மா?" என்றாள்.