தயங்கியது மக்களா, அரசா?

கொரோனா பெருந்தொற்றின் கொடுங்காலம் கடந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. ஆயினும் அந்நாட்களில் புழக்கத்திற்கு வந்த ஒரு சொல் இன்னும் மறையவில்லை. ‘தடுப்பூசித் தயக்கம்’ என்பதே அச்சொல். பழங்குடியினர் தயங்கினர், சிறுபான்மையினர் தயங்கினர், தோட்டத் தொழிலாளர்கள் தயங்கினர் என்று முதலாளித்துவ ஊடகங்கள் பட்டியலிட்டன. இனத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி, அறியாமையே அவர்களது இயல்பு என்பதுபோல் எழுதின. அரசின் தோல்வியை மக்களின் பண்பாட்டின் மீது சுமத்தும் இந்தத் தந்திரத்தை அம்பலப்படுத்துவது அவசியம். அடுத்த பெருந்தொற்று வரும்போதும் இதே சொல் ஆயத்தமாகக் காத்திருக்கும்.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாகக் குண்டளைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். தலைமுறைகளாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் லயங்களில் வாழ்கின்றனர். மலைச்சரிவுகளில் முதுவான் மக்களின் குடிகள் உள்ளன. அலுவலகங்களிலும் கடைகளிலும் மலையாளிகள் பணிபுரிகின்றனர். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம் முதலான மாநிலங்களின் தொழிலாளர்களும் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்துள்ளனர். தடுப்பூசி குறித்து இவர்கள் அனைவரும் ஒரே மனநிலையில் இருந்திருப்பர் என்று எதிர்பார்க்க முடியாது. கேள்வி அதுவன்று. அந்த வேறுபாடு இரத்தத்தில் பிறந்ததா, வாழ்நிலையில் பிறந்ததா என்பதே கேள்வி.

இடமலைக்குடி உரைக்கும் உண்மை

தேவிகுளம் தாலுகாவில் உள்ள இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி, 2010இல் உருவாக்கப்பட்டது. அடர்ந்த காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் முதுவான் குடிகளால் ஆனது. பெருந்தொற்றுக் காலத்தில் அங்கு முறையான சாலை இல்லை. நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்தே வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த மக்கள் செய்தது என்ன? ஊர் கூடி முடிவெடுத்து வெளியாரின் வருகையைத் தடுத்தனர். பொருள் வாங்க நகரத்திற்குச் சென்று திரும்பியவர் தனித்திருக்க வேண்டும் என்று விதித்து, அதைக் கடைப்பிடித்தனர். நாட்டின் பெருநகரங்கள் பிணக்குவியல்களால் திணறிக்கொண்டிருந்தபோது, ஓராண்டுக்கும் மேலாக இடமலைக்குடியில் ஒரு தொற்றும் பதிவாகவில்லை. 2021 ஜூலையில்தான் முதல் தொற்று கண்டறியப்பட்டது.

தனிமைப்படுத்தல் என்பது தொற்றுநோயியலின் அடிப்படைப் பாடம். அதை எந்த அரசாணையும் இன்றித் தாமே நடைமுறைப்படுத்திய மக்களை ‘அறிவியலுக்கு எதிரானவர்கள்’ என்று யார் சொல்வது? 2021 பிப்ரவரி 19 அன்று ‘கொரோனில்’ என்ற மருந்தை ராம்தேவ் விளம்பரப்படுத்திய மேடையில் வீற்றிருந்தவர் அன்றைய ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன். மூன்றாம் கட்டப் பரிசோதனையின் செயல்திறன் விவரங்கள் வெளிவரும் முன்பே, 2021 ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி வழங்கியது ஒன்றிய ஆட்சியின் கீழ் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த அவசரத்தால் மருத்துவர்களிடையே கூட ஐயம் எழுந்தது. அறிவியல் மனப்பான்மையைக் குலைத்தவர்கள் தலைநகரில் அமர்ந்திருக்க, பழி மட்டும் காட்டுக்குள் அனுப்பப்பட்டது.

அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு

பிரிட்டனில் 2020 நவம்பரில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், கருப்பினத்தவரில் ஏறத்தாழ 72 சதவீதத்தினர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வாய்ப்பில்லை என்று கூறினர். அமெரிக்காவிலும் தொடக்கத்தில் வெள்ளையருக்கும் கருப்பினத்தவருக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. இதை இனத்தின் இயல்பு என்பவர்கள் டஸ்கிகீயை மறைக்கிறார்கள். 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்தில், மேகநோய் கண்ட கருப்பின ஏழைகளுக்கு உண்மையைச் சொல்லாமலும், பெனிசிலின் கிடைத்த பிறகும் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. நாற்பது ஆண்டுகள் ஏமாற்றப்பட்ட மக்கள் ஐயுறுவது அனுபவத்தின் குரல். சமூக அமைப்புகளும் தேவாலயங்களும் களமிறங்கி, ஊசி குடியிருப்புக்கே வந்தபோது, 2022க்குள் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. இனத்தின் இயல்பு ஓராண்டில் மாறிவிடுமா?

நம் நாட்டிலும் இத்தகைய காயங்கள் உண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், ‘பாத்’ என்ற அமெரிக்க நிறுவனம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டமொன்றை நடத்தியது. பழங்குடிச் சிறுமிகள் பெருமளவில் அதில் சேர்க்கப்பட்டனர். பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தனர். ஏழு சிறுமிகள் இறந்த நிலையில் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை கூறியது, அதை ஏற்றுக்கொள்வோம். ஆனால், கேட்காமல் ஊசி போட்டது குற்றமே. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது என்பதால், அதைச் செலுத்திய முறை நல்லதாகிவிடாது.

‘ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது’ என்ற வதந்தி ஏழைகளிடையே ஏன் இவ்வளவு எளிதாகப் பரவுகிறது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஏழைகளைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்த நினைவு இன்னும் அழியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தைச் சில இஸ்லாமியக் குடியிருப்புகள் மறுத்தபோது இதே அச்சமே பேசியது. அங்கே வென்றது மிரட்டல் அன்று. உள்ளூர்ப் பெண்கள் வீடுவீடாகச் சென்றனர். மதத் தலைவர்களும் பல்கலைக்கழகங்களும் துணை நின்றன. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ பாதிப்பு ஒன்றும் பதிவாகவில்லை. 2014இல் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது.

அலைக்கற்றை எட்டாத ஊரில் செயலி

இப்போது ஒன்றிய அரசின் தயக்கத்தைப் பார்ப்போம். 2021 மே 1 முதல் 18 வயதினருக்கும் தடுப்பூசி என்று அறிவித்துவிட்டு, 18 முதல் 44 வயதினர் ‘கோவின்’ தளத்தில் இணையவழி பதிவு செய்தாக வேண்டும் என்று விதித்தது மோடி அரசு. நேரில் வந்து பதிவு செய்ய அனுமதிக்கவே மே 24 ஆனது. தளத்தில் பிற மொழிகளைச் சேர்த்தபோது தமிழ் முதலில் விடுபட்டது. கண்டனம் எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது.

இது யாரை வெளியே நிறுத்தியது? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைப் பலிகொண்டது. அவர்களில் பெரும்பாலோர் லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு இல்லாததால் அந்தப் பேரழிவுச் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. மரணச் செய்தியைக்கூட அனுப்ப முடியாத மலையில் வாழ்பவரிடம், கைபேசியில் கடவுச்சொல் பெற்று நேரம் குறித்துக்கொள்ளச் சொன்னது அரசு. அந்தப் பெட்டிமுடிதான் இடமலைக்குடிக்கு நுழைவாயிலும் கூட.

டிஜிட்டல் ஏற்றத்தாழ்வு குறித்தும், 18–44 வயதினருக்குக் கட்டணம் விதிக்கும் கொள்கை குறித்தும் உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. அக்கொள்கை முதல் நோக்கிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவற்றது என்று கூறியது. அதன் பிறகே ஜூன் 21 முதல் புதிய கொள்கை நடைமுறைக்கு வந்தது. அப்போதும் 25 சதவீதத் தடுப்பூசி தனியார் மருத்துவமனைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஒரு தவணை கோவிஷீல்டின் உச்ச விலை 780 ரூபாய். கோவாக்சின் 1,410 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை விட ஒரு தவணையின் விலை அதிகம். ஊசிக்குப் பிறகு வரும் இரண்டு நாள் காய்ச்சலுக்கு இரண்டு நாள் கூலி போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவரின் தயக்கத்திற்குப் ‘பண்பாடு’ என்று பெயர் வைப்பது வர்க்கக் குருட்டுத்தனம்.

உற்பத்தியிலும் இதே கதைதான். குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் தடுப்பூசி உரிமம் 2008இல் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் உரிமம் மீண்டாலும், இழந்த இடம் மீளவில்லை. பல நூறு கோடி ரூபாய் செலவில் செங்கல்பட்டில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம் பெருந்தொற்றின் உச்சத்திலும் இயங்காமல் கிடந்தது. அதைக் குத்தகைக்குத் தாருங்கள் என்று தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் கேட்டும் பயனில்லை. தடுப்பூசிக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, தடுப்பூசி தயாரிக்கத் தயங்கியது யார்?

தேடிச் சென்றால் தயக்கம் கரையும்

ஒன்றிய சுகாதார அமைச்சகமே 2021 ஜூனில் ஒரு கணக்கை வெளியிட்டது. 176 பழங்குடி மாவட்டங்களில் 128 மாவட்டங்கள் தேசிய சராசரியை விட முன்னணியில் இருந்தன. அங்கே நேரில் வந்து ஊசி போட்டுக்கொண்டோரின் விகிதமும் கூடுதலாக இருந்தது. அம்மாவட்டங்களில் பிறரும் வாழ்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் ‘பழங்குடி என்றாலே மறுப்பு’ என்ற கட்டுக்கதையை உடைக்க இது போதும்.

கேரளத்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 டிசம்பரிலேயே தடுப்பூசி அனைவருக்கும் இலவசம் என்று அறிவித்தது. 2021 மே தொடக்கத்தில், பெற்ற 73,38,806 தவணைகளைக் கொண்டு 74,26,164 தவணைகளைச் செலுத்தியிருந்தது. குப்பிகளில் கூடுதலாக இருந்த மருந்தைச் செவிலியர்கள் ஒரு சொட்டும் வீணாக்காததால் விளைந்த சாதனை இது. மாநிலத்தில் பழங்குடி மக்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள வயநாடு, தகுதியுள்ள அனைவருக்கும் முதல் தவணை என்ற இலக்கை 2021 ஆகஸ்டில் முதலில் எட்டிய மாவட்டங்களில் ஒன்றானது. அண்டையில் உள்ள நீலகிரியிலும் சுகாதார ஊழியர்கள் குடியிருப்புகளுக்கே சென்று, 2021 நடுப்பகுதிக்குள் பழங்குடியினரில் தகுதியுள்ளோர் அனைவருக்கும் முதல் தவணையை நிறைவு செய்தனர்.

மாறியது மக்களின் இனமன்று; அவர்களை அணுகிய முறையே மாறியது.

மறுபக்கத் தவறு

இதைச் சொல்லும்போது எதிர்த்திசையில் வழுக்கி விழுபவர்களையும் எதிர்த்தாக வேண்டும். மக்களின் ஐயத்திற்கு வரலாறு உண்டு என்பதிலிருந்து, தடுப்பூசியே ஏகாதிபத்தியச் சதி என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். இது மார்க்சியம் அன்று. மருந்து நிறுவனங்களின் கொள்ளை வேறு, மருந்தின் பயன் வேறு. அறிவுசார் சொத்துரிமையைத் தளர்த்த வேண்டும் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் கோரின. தடுப்பூசி ஏழை நாடுகளுக்கு வேண்டும் என்பதாலேயே அப்போராட்டம் எழுந்தது. வேண்டாத பொருளின் காப்புரிமைக்காக எவரும் போராடுவதில்லை.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி, அதற்கடுத்த நாள் மறைந்தபோது தமிழ் மக்களிடையே பரவிய அச்சத்தை நினைவுகூர்வோம். தடுப்பூசி காரணமல்ல என்ற ஆய்வுக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளிவந்தது. ஆறு மாத இடைவெளியை வதந்தி நிரப்பியது. அந்த நேரத்தில் ‘உங்கள் அச்சம் நியாயமே’ என்று தலையசைத்து நிற்பது மக்கள் பக்கம் நிற்பதாகாது. உண்மையை, அவர்கள் மொழியில், அவர்கள் வாசலில் நின்று சொல்வதே மக்கள் பக்கம் நிற்பது.

நம் கடமை

அடுத்த தொற்று வருமுன் செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. தோட்ட மருத்துவமனைகள் காக்கப்பட வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்திற்குள் கரைக்கப்பட்டுவிட்ட சூழலில், மருத்துவ வசதியை நிர்வாகத்தின் கருணையாகச் சுருக்கும் எந்த முயற்சியையும் தொழிற்சங்கங்கள் முறியடிக்க வேண்டும். தடுப்பூசி நாளுக்கும் அதற்கடுத்த ஓய்வுக்கும் கூலியுடன் கூடிய விடுப்பு வேண்டும். மாட்டுப்பட்டி போன்ற இடங்களில் சுகாதாரச் செய்தி தமிழிலும், முதுவான் மக்களின் பேச்சிலும், இந்தியிலும் செல்ல வேண்டும். குடிகளின் இளைஞர்களும் பெண்களும் சுகாதார ஊழியர்களாக நியமிக்கப்பட வேண்டும். ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களுக்கு நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் வேண்டும். பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்கள் முழு அளவில் இயங்க வேண்டும்.

நம்பிக்கை நெருக்கடி வந்த நாளில் முளைப்பதில்லை. கூலிப் போராட்டத்தில், நிலச்சரிவில், ரேஷன் கடையில், அன்றாடம் உடன் நின்றவரின் சொல்லையே மக்கள் ஊசி முனையிலும் நம்புவார்கள். அந்த இடத்தில் நிற்க வேண்டியது நம் கிளைகள். ‘தயக்கம்’ என்று மக்கள் மீது விரல் நீட்டுபவர்களிடம் நாம் திருப்பிக் கேட்போம்: தடுப்பூசி அவர்கள் வாசலுக்குச் சென்றதா?