வருமானத்தைக் கூட்டிக் காட்டி வீட்டுக்கடன் வாங்கலாமா?

‘‘6 ஏக்கரில் மானாவாரியாகப் பருத்தி, மக்காச்சோளம் போடுகிறேன். 4 கறவை மாடுகள் உள்ளன. பால் பணம் மனைவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. தீவனச் செலவு போக மாதம் 7,000 ரூபாய் நிற்கும். வீடு கட்ட 12 லட்சம் கடன் கேட்டால், வருமானத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். மூன்று வருட வருமானத்தைக் கூட்டிப் போட்டு வரிக்கணக்கு தாக்கல் செய்து தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். செய்யலாமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சுழி.

செய்யாதீர்கள். பொய்க் கணக்கு காட்டிக் கடன் வாங்குவது குற்றம். பிரச்னை வந்தால் தரகர் இருக்க மாட்டார்; கையெழுத்து உங்களுடையது. ஒரு நிதியாண்டின் கணக்கை அடுத்து வரும் டிசம்பர் 31 வரைதான் தாமதமாகத் தாக்கல் செய்யலாம். அதன்பிறகு கூடுதல் வரி கட்ட வேண்டும். மூன்று வருடக் கணக்கும் ஒரே வாரத்தில் தாக்கலானால், தேதியைப் பார்த்ததும் வங்கிக்குச் சந்தேகம் வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தவணை. 12 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 15 வருடத்துக்கு வாங்கினால், மாதம் சுமார் 12,170 ரூபாய் கட்ட வேண்டும். காகிதத்தில் ஏற்றிய வருமானம், மழை பொய்த்த வருடத்தில் தவணை கட்டாது. அடமானத்தில் இருப்பது உங்கள் வீடு.

இருக்கும் வருமானத்துக்கே ஆதாரம் சேருங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால், பால் வருமானம் விவசாய வருமானத்தில் சேராது. அதைத் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்யலாம். அதே படிவத்தில் விவசாய வருமானத்தை வரிவிலக்குப் பெற்றதாகக் குறிப்பிடலாம். நல்ல கணக்காளர் ஒருவரிடம் கேட்டு, இந்த வருடமே தொடங்குங்கள்.

பருத்தி, மக்காச்சோளம் விற்ற பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். விற்பனைக்கூட ரசீது, கமிஷன் கடைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பட்டத்திலும் அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். அடங்கலில் தரிசு என்று இருந்தால், பருத்தி விற்ற கணக்கை யார் நம்புவார்கள்? தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழும் துணைக்கு இருக்கட்டும். பல வங்கிகள் அதை மட்டும் வைத்துக் கடன் தருவதில்லை. பால் பணம் மனைவியின் பெயரில் வருவதால், அவரை இணை விண்ணப்பதாரராகச் சேருங்கள்.

எவ்வளவு வாங்கலாம்? மானாவாரிக்காரர்கள் பருத்திப் பணத்தை நம்பித் தவணையை முடிவு செய்யக் கூடாது; பால் பணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அதே வட்டிக்கு 6 லட்சம் என்றால், மாதம் சுமார் 6,090 ரூபாய். மாடு வற்றும் மாதங்களும் உண்டு. எனவே, வீட்டு வேலையைத் தொடங்கும் முன் ஆறு மாதத் தவணைப் பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். இப்போதைக்கு இரண்டு அறைகள் போதும். மீதியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

மாறும் வட்டியில் வாங்குங்கள். தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால், அந்த வகைக்கு அபராதம் கிடையாது. நல்ல மகசூல் கிடைத்த வருடத்தில் அசலைக் குறைத்துவிடலாம்.

விண்ணப்பத்தை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்த ஆதாரம் குறைகிறது என்று தெரிந்தால்தான், அடுத்த வெள்ளாமைக்குள் அதைச் சரிசெய்ய முடியும்.