போனஸ் பணத்தில் வீடியோ கேமா? ‘ஸ்டிக்’ கெட்டால் பணம் போச்சு!

சிவகாசி:
ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு ஆலை போனஸ் கைக்கு வந்தால் பிள்ளைகள் கேட்கும் பொருட்களில் வீடியோ கேமும் உண்டு. கம்ப்யூட்டரில் படிக்கவும் செய்யலாம் என்பது பெற்றோர் கட்சி. ஆனால் கேமுக்கு என்று கம்ப்யூட்டர் எடுத்தால் கிராபிக்ஸ் கார்டு, ராம் என செலவு இழுத்துக்கொண்டே போகும். டி.வி.யில் மாட்டும் கேம் பெட்டியில் அந்த தொல்லை இல்லை. 2021-ல் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் ரூ.39 ஆயிரத்து 990-க்கு வந்தது. கூலி வேலை பார்க்கும் வீட்டுக்கு அதுவே மலைதான்.

சிக்கல் அதிகம் கையில் வைத்து ஆடும் மெஷினில். 2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சில், விரலால் தள்ளும் ஸ்டிக் தொடாமலே நகர்வதாக உலகம் முழுக்க புகார். உள்ளே உரசி உரசி தேய்வதால் வரும் கோளாறு இது. 2020 ஜூனில் கம்பெனி தலைவர் புருகாவாவே மன்னிப்பு கேட்டார். அமெரிக்காவில் இலவசமாக சரிசெய்து கொடுத்தார்கள்.

இங்கே? அந்த மெஷினை கம்பெனி நேரடியாக இந்தியாவில் விற்கவில்லை. வெளியே இருந்து வரும் சரக்குதான். வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது?

பேட்டரி உப்பினால் அதோடு சார்ஜ் போடக்கூடாது. மருந்து வேலை பார்ப்பவர்களுக்கு தீயைப் பற்றி சொல்லவா வேண்டும்!

பழசு வாங்குவோர் கடையிலேயே ஸ்டிக்கில் கை வைக்காமல் 5 நிமிடம் திரையைப் பார்க்க வேண்டும். பொம்மை தானாக நடந்தால் மெஷினை வைத்துவிட்டு வந்துவிடலாம்.