சும்மா பிறந்தவளா?

என் நண்பர் ஒருவர் வீட்டில் மூன்றாவது பேத்தி பிறந்திருந்தாள். விசாரிக்கப் போயிருந்தேன். நண்பர் கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். மருமகளைக் குறை சொல்லும் ரகமில்லை. "ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து வர வேண்டியது, அது என் பையன் கணக்கு" என்று நியாயமாகவே சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காபியை ஆற்றிக்கொண்டே, "ஆனால் ஒன்று, ஸார். ஆணைத்தான் இயற்கை மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாக வந்து சேர்வது பெண். எலியை வைத்து நிரூபித்துவிட்டார்கள்" என்றார்.

தூணோரம் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மூத்த பேத்தி தலை நிமிர்ந்தாள். "அப்போ நாங்க மூணு பேரும் சும்மா பிறந்தவங்களா, தாத்தா?"

தாத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண் என்பவள் குறைப்பட்ட ஆண் என்று அரிஸ்டாட்டில் எழுதி இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அதே பழஞ்சரக்குக்குத்தான் இப்போது சோதனைச்சாலை முத்திரை குத்தி விற்கிறார்கள். ஆகவே அந்த எலியையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுவோம்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. சுண்டெலியின் கர்ப்ப காலம் சுமார் இருபது நாள். பத்தாம் நாள்வரை சிசுவின் இனச்சுரப்பி இரண்டுங்கெட்டானாகவே இருக்கிறது. அது விரையாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். பதினோராம் நாள் வாக்கில் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற ஜீன், சாக்ஸ்9 என்ற இன்னொரு ஜீனைத் தட்டி எழுப்புகிறது, விரை உருவாகிறது. 1991ல் லண்டனில் ராபின் லவெல்-பாட்ஜ், பீட்டர் குட்ஃபெலோ ஆகியோரின் குழுவினர், இரண்டு எக்ஸ் கொண்ட எலிக் கருவில் இந்த ஒரு ஜீனை மட்டும் புகுத்தினார்கள். பெண்ணாகப் பிறக்க வேண்டியது ஆணாகப் பிறந்தது. பெண் எலியோடு கூடவும் செய்தது. வாரிசு மட்டும் உண்டாகவில்லை. அதற்கு ஒய்யில் உள்ள வேறு ஜீன்களும் வேண்டும்.

சரி. இதிலிருந்து பெண் சும்மா வருகிறாள் என்று எப்படி முடிவு கட்டுவது? விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்டைத் தள்ளினால் வண்டி மாயவரம் பாதையில் போகும். தள்ளாவிட்டால் திருச்சிப் பாதையில் போகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகத் திருச்சிவரைக்கும் தண்டவாளத்தை யாரும் போடவில்லை என்று சொல்லலாமா?

அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் பலர். டபிள்யூஎன்டி4 அவர்களில் ஒன்று. 1999ல் அதை நீக்கிப் பார்த்தபோது, பெண் எலியின் சூலகம் ஆண்களுக்குரிய ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கியது. ஃபாக்ஸ்எல்2 இன்னொன்று. 2009ல், வளர்ந்து பருவமடைந்த பெண் எலியிடம் அதைச் செயலறச் செய்தார்கள். சூலகத்தின் உயிரணுக்கள் விரையின் உயிரணுக்களைப் போல் மாறின. சூலகம் ஒரு முறை வந்து சேர்ந்துவிடுகிற பொருள் அல்ல. நாள்தோறும் காப்பாற்றப்படுகிற பொருள்.

ஆணின் பெருமை மட்டும் என்ன நிரந்தரமா? 2011ல் மின்னசோட்டாவில் டிஎம்ஆர்டி1 என்ற ஜீனை வளர்ந்த ஆண் எலியிடமிருந்து எடுத்தார்கள். விரையின் உயிரணுக்கள் சூலகத்தின் உயிரணுக்களாயின. இரு தரப்பிலும் காவல் நிற்க வேண்டியிருக்கிறது; எந்தத் தரப்பும் சும்மா இருந்து பிழைக்கவில்லை.

நண்பரின் வாதத்துக்கு மூலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1947ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஜோஸ்ட், முயல் சிசுக்களின் இனச்சுரப்பிகளைத் தாய் வயிற்றிலேயே அகற்றினார். அத்தனையும் பெண்ணுருவில் வளர்ந்தன. அருமையான சோதனை. ஆனால் அவர் கண்டது உள்ளே இருக்கும் குழாய்களையும் வெளியுறுப்புகளையும் பற்றியது. சூலகம் எப்படி உண்டாகிறது என்பதை அது எப்படிச் சொல்லும்? சூலகத்தைத்தான் வெட்டி எடுத்துவிட்டாரே! குழாய் விஷயமும் பிறகு ஆட்டம் கண்டது. பெண் சிசுவிடம் உள்ள ஆண் குழாய் ஆதரவின்றித் தானே வாடிவிடும் என்று நம்பியிருந்தார்கள். 2017ல் அமெரிக்காவில் ஹம்ஃப்ரி யாவோவின் குழுவினர், கூப்-டிஎஃப்2 என்ற ஜீனைப் பெண் எலியிடமிருந்து நீக்கியபோது, அந்தக் குழாய் வாடாமல் நின்றது. அதை அகற்றுவதும் பெண்ணுடல் செய்கிற ஒரு வேலைதான் என்று தெரிந்தது.

பெண்ணின் மதிப்பு எலியின் சர்டிபிகேட்டை நம்பி இல்லை. எலி நாளை வேறு சொன்னாலும் அந்தக் குழந்தையின் தரம் ஒரு மாற்றுக் குறையாது. ஆனால் சாட்சிக்கு எலியை அழைத்தவர் நண்பர். அழைத்தவர் பாதி வாக்குமூலத்தோடு எழுந்து போய்விடுவது நியாயமில்லை. படிக்காதவர்கள் பெண்ணை மட்டம் தட்டினால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். படித்தவர்கள் அரைகுறையாகப் படித்ததை அதற்கு ஆதாரம் காட்டும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தைகள் அதை நம்பிவிடுகின்றன.

விடைபெறும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ சும்மா பிறந்தவள் இல்லை, அம்மா. உன்னை உருவாக்க எத்தனையோ பேர் ராப்பகலாக வேலை செய்திருக்கிறார்கள். இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்" என்றேன்.

"யார் மாமா அவங்க?" என்றாள்.

"உன் தாத்தாவைக் கேள். படித்துவிட்டுச் சொல்வார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.