வாளைக் கண்டனர், சம்பளப் பட்டியலைக் கண்டாரில்லை!

பெருநகர் விடுதிகளின் குளிரூட்டிய மண்டபங்களிலே, நிர்வாகக் கலை போதிக்கும் வித்தகர்கள் இன்று சிவாஜியை விரும்பி அழைக்கின்றனர். 1659-இல் அப்சல்கானை வீழ்த்திய துணிவு, 1666-இல் ஆக்ராக் காவலைக் கடந்து மீண்ட மதிநுட்பம் ஆகியவற்றை எடுத்துரைத்து, தலைவனுக்காக உயிரையும் ஈந்த வீரர்போல் நீங்களும் உழையுங்கள் என்று ஊழியர்க்கு உபதேசம் நடக்கிறது. நன்று! ஆனால் அந்த வீரனுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார், எங்கிருந்து கொடுத்தார் என்று அங்கே கேட்பாரில்லை. கேட்டால் விருந்து கசந்துவிடும்.

அக்காலத் தக்காணத்திலே சுல்தான் ஒரு பிரபுவுக்கு நிலப்பகுதியை ஜாகீராக அளிப்பான். பிரபு அதன் வரியை வாங்கிக்கொண்டு, குதிரை வீரரை வைத்திருப்பான். வீரனோ சுல்தானின் முகத்தையே அறியான். பிரபு போட்டதே கூலி, பிரபு சொன்னதே போர்! சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் அத்தகைய ஜாகீர்தாரரே. வீட்டுக்குள்ளிருந்தே அம்முறையின் உள்ளீட்டை உணர்ந்த மகன், தம் ஆட்சியில் அதனைப் பெரும்பாலும் ஒதுக்கினார். அமைச்சர் எண்மர் முதல் கடைசி வீரன் வரை ஊதியம் கருவூலத்திலிருந்து, ரொக்கமாக. ‘பார்கீர்’ எனப்பட்ட வீரன் ஏறிய குதிரை அரசின் குதிரை. கோட்டைக்கு மூன்று அதிகாரிகள்: சாவி ஹவல்தாரிடம், ஆள்பட்டியல் சப்னிஸிடம், காவற்படை சர்நோபத்திடம். ஒருவர் மட்டும் மனம் மாறிக் கோட்டையை விற்றுவிட இயலாது. பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு உரிமையாக இறங்குவதையும் அவர் ஏற்கவில்லை.

1673-இல் சிப்ளூண் அருகே தங்கியிருந்த படை அதிகாரிகளுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வீரதீரம் பேசும் கடிதமன்று அது. வைக்கோல் பற்றிய கடிதம்! மழைக்காலத்துக்கென வைத்த தீவனத்தை இப்போதே தீர்த்துவிட்டால், மழையில் குதிரைகள் மடியும். பின்னர் குடியானவன் வீட்டுத் தானியத்திலும் விறகிலும் காய்கறியிலும் கை வைப்பீர்கள். முகலாயனே மேல் என்று அவன் எண்ணுவான். ஆகவே வேண்டியதைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குங்கள் என்கிறார். இரவில் விளக்கை எரியவிட்டால், எலி திரியை இழுத்துச் சென்று வைக்கோற் போருக்குத் தீ வைத்துவிடும் என்றும் எச்சரிக்கிறார். எலியையும் எண்ணிப் பார்த்த அரசர்! காசு கொடுத்து வாங்கு என்று கட்டளையிட அவருக்கு வாய் இருந்தது. ஏனெனில் வீரன் கையில் காசு இருந்தது.

அக்கருவூலம் நிரம்பிய வழியையும் மறைப்பதற்கில்லை. 1664-இலும் 1670-இலும் சூரத் நகரத்து வணிகர் கண்ட கொள்ளை அதற்குச் சாட்சி. இத்தனையும் ஆண்ட அவரையே, முடிசூட்டும் தகுதியுள்ள குலந்தானா என்று கேட்டது புரோகிதக் கூட்டம். 1674-இல் காசியிலிருந்து காகபட்டர் வந்துதான் வழி பிறந்தது. அக்கதையை அண்ணா நாடகமாகவே நமக்குத் தந்துவிட்டார்; ஆகவே இங்கு விரிக்கவில்லை.

இன்றைய தொழிற்சாலைக்கு வாருங்கள். நாட்டின் ஆலைத் தொழிலாளரில் பத்தில் நால்வர் ஒப்பந்தத் தொழிலாளர். நிர்வாகம் மொத்தத் தொகையைக் காண்டிராக்டரிடம் கொடுக்கிறது. அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூலியாகப் பிரிக்கிறார். ஒரே இயந்திரத்தருகே ஒரே வேலை செய்யும் இருவரில், ஒருவர் பெயர் ஆலையின் பதிவேட்டில், மற்றவர் பெயர் யாருடைய ஏட்டிலோ! ஜாகீர் முறையன்றி வேறென்ன இது? நிலத்துக்குப் பதில் டெண்டர், பிரபுவுக்குப் பதில் காண்டிராக்டர். சிவாஜி ஒழிக்க முயன்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டே சிவாஜியின் படையைப்போல் விசுவாசம் வேண்டும் என்கின்றனர்!

அம்முறை திரும்பி வந்ததைத் தமிழ்நாட்டுச் செஞ்சிக் கோட்டை அறியும். 1680-இல் சிவாஜி மறைந்தபின், 1689-இல் அவர் மகன் இராஜாராம் அங்கு வந்து சேர்ந்தார். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை. கருவூலம் வறண்டது, படைத் தலைவர்களைத் தக்கவைக்க நிலமானியங்கள் மீண்டும் எழுதித் தரப்பட்டன. பிறகு பதவிகளும் வீட்டுச் சொத்தாயின. 1713-இல் பேஷ்வா ஆனவர் பாலாஜி விசுவநாத். 1720-இல் அவர் மகன் பாஜிராவ். 1740-இல் பாஜிராவின் மகன். அரசர் சதாராவில் இருந்தார். ஆட்சி புனாவில் இருந்தது.